சுவரில்லாத பள்ளிக்கு ஒரு சுவர்த்துணி

நமது தமிழ்ப் பள்ளிக்கு மாணவர் உண்டு, ஆசிரியர் உண்டு, பாடநூல் உண்டு, ஆனால் சுவர் இல்லை. சனிக்கிழமை காலையில் மூன்றரை மணி நேரத்திற்கு நாம் வாடகைக்குப் பெறும் வகுப்பறைகளின் சுவர்கள் வேறொரு பள்ளியின் பிள்ளைகளுக்கு உரியவை. அவர்கள் வரைந்த ஓவியங்களும் அவர்கள் எழுதிய ஆங்கிலச் சொற்களும் அவற்றை நிறைத்திருக்கின்றன. அங்கே நாம் ஆணி அறைதல் ஆகாது. ஒட்டுநாடா ஒட்டுதல் ஆகாது. பலகையில் எழுதியதைத் துடைத்து, கதிரைகளை இருந்தபடியே அடுக்கிவிட்டு வெளியேற வேண்டும். நண்பகல் பன்னிரண்டரை மணிக்குக் கதவைச் சாத்தும்போது, அவ்விடத்தில் தமிழ் ஒலித்தது என்பதற்கு அடையாளம் ஒன்றேனும் எஞ்சுவதில்லை.

இதனை ஒரு குறையாக நான் கூறவில்லை. இடந்தந்தோர்க்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆயினும், எழுத்துக் கற்கும் பிள்ளையின் கண்முன்னே எழுத்து நிலைத்து நிற்றல் வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலின் அரிச்சுவடி. காணும்போதெல்லாம் கண்ணிற் படும் எழுத்தே மனத்திற் பதியும். ஆகவே, காலை ஒன்பது மணிக்கு மாட்டிப் பன்னிரண்டரைக்குச் சுருட்டிக் கைக்குள் அடக்கக்கூடிய ஒரு சுவரை நாமே செய்துகொண்டால் என்ன என்ற எண்ணம் சென்ற ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தது. அவ்வெண்ணமே, இவ்வாண்டு விழா மண்டபத்தின் வாயிலில் நீங்கள் காணவிருக்கும் முப்பத்தொரு பைகள் கொண்ட சுவர்த்துணியாக உருப்பெற்றது. அது தைக்கப்பட்ட கதையையும் அதனால் நான் அறிந்துகொண்டவற்றையும் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணித ஆசிரியனாக வன்னியில் கற்பித்த எனக்குத் தையற்கலை எங்ஙனம் வாய்த்தது எனச் சிலர் வினவினர். 2012ஆம் ஆண்டிற் படகில் இந்நாட்டை அடைந்தவன் நான். 2023இல் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழி திறக்கும் வரையில், தற்காலிக அனுமதிகளோடு நாட்களை எண்ணி வாழ்ந்தேன். அந்நாட்களில் ஆங்கிலம் பழகுவதற்காக அயலிலிருந்த சமூக நிலையம் ஒன்றிற்குச் செல்வது வழக்கம். பேச்சு வகுப்பிற்குப் பக்கத்து அறையில் முதிய பெண்மணிகள் சிலர் கூடித் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருப்பர். ஒருநாள் அவர்களுள் ஒருவர், ஆங்கிலம் பேசத் தயங்கி வாயிலில் நின்ற என்னை அழைத்து, கையில் ஊசியைத் தந்து அமரச் செய்தார். ஊசியைக் கையிற் பிடித்தவனிடம் எவரும் விசாவைப் பற்றி வினவுவதில்லை. அதுவே எனக்கு அங்கு முதலிற் பிடித்திருந்தது.

அவர்கள் தைப்பதற்கு ஆங்கிலத்தில் 'குவில்ற்' என்று பெயர். மேலே அழகிய துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே உட்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாக அடுக்கி, மூன்றையும் ஊடுருவுமாறு தையலிட்டுப் பிணைப்பதே அதன் இலக்கணம். குளிருக்குப் போர்வையாகத் தோன்றிய கலை இது. பின்னர் சுவரை அலங்கரிக்கவும் வந்தது. இந்நாட்டின் வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு என்பதை அப்பெண்மணியே எனக்கு எடுத்துரைத்தார். வறுமைக் காலங்களில் மாச் சாக்குகளையும் பழைய உடைகளையும் அடுக்கித் தைத்த முரட்டுப் போர்வைகளை இந்நாட்டு மக்கள் 'வாகா' என அழைத்தனர். அத்தகைய ஒன்றின் கீழ்த்தான் தாம் குழந்தையாக உறங்கியதாக அவர் கூறினார்.

என் நெஞ்சைத் தொட்டவை வேறு இரண்டு. 1841ஆம் ஆண்டு 'ராஜா' என்னும் பெயருடைய கப்பலில் நூற்றெண்பது பெண் கைதிகள் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, இன்று தாஸ்மேனியா எனப்படும் தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். நற்பணிச் சங்கம் ஒன்று அவர்களுக்கு ஊசியும் நூலும் துணித்துண்டுகளும் வழங்கியிருந்தது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடற்பயணத்தில் அவர்களுட் சிலர் கூடித் தைத்த பெருந்துணி இன்று கன்பராவில் உள்ள தேசிய கலைக்கூடத்திற் பேணப்படுகிறது. அதில் நடுப் பஞ்சு இல்லை. ஆயினும் 'ராஜா குவில்ற்' என்றே அது பெயர் பெற்றுவிட்டது. தைத்த பெண்களைக் கைதிகள் என்று அன்று எழுதிவைத்தனர்; அவர்கள் தைத்ததை நாட்டின் செல்வம் என்று இன்று காத்துவருகின்றனர்.

மற்றையது, 1942ஆம் ஆண்டு சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் தைத்தது. ஆண்கள் வேறிடத்திற் சிறையிருந்தனர். யார் உயிரோடிருக்கிறார், யார் இல்லை என்று அறிய வழியில்லை. பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறிய துணிச்சதுரத்தில் தம்மைப் பற்றி ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகச் செய்து, தம் பெயரையும் இழைத்தனர். அறுபத்தாறு சதுரங்கள் சேர்ந்து ஒரு குவில்ற் ஆயிற்று. அவ்வாறு ஆக்கிய மூன்று குவில்ற்றுகளைக் காயமுற்றோர்க்கு என மருத்துவமனைக்கு அனுப்பினர். அவை போர்வைகள் மட்டுமல்ல. 'நான் உயிரோடிருக்கிறேன்' என்னும் கடிதங்கள். அவற்றுள் இரண்டு கன்பராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன.

துணிக்குள் செய்தி வைக்கலாம் என்பதை அவற்றிலிருந்து கற்றேன். அப்படியாயின் எழுத்தையும் வைக்கலாம் அல்லவா?

இனி, செய்முறைக்கு வருவோம். தமிழின் உயிரெழுத்துப் பன்னிரண்டு; மெய்யெழுத்துப் பதினெட்டு; இரண்டும் சேர்ந்து முப்பது. வரிசைக்கு ஆறு பைகள் வைத்தால், உயிருக்கு இரண்டு வரிசை, மெய்க்கு மூன்று வரிசை, மிச்சமின்றி அமைகிறது. தனிநிலையாகிய ஆய்தத்திற்கு உச்சியில் ஒரு தனிப் பை. உயிர்மெய் இருநூற்றுப் பதினாறுக்கும் பை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை, அவற்றை உண்டாக்குவதே பிள்ளைகளின் வேலை. 'க்' பையிலிருந்து ஒரு மட்டையையும் 'ஆ' பையிலிருந்து ஒரு மட்டையையும் எடுத்துப் பக்கத்திற் பக்கமாகப் பிடித்தால் 'கா' பிறக்கிறது. முப்பது பைகளிலிருந்து தமிழ் முழுவதும் வெளியே வரும்.

ஒவ்வொரு கட்டத்திற்கும் 17 சென்ரிமீற்றர் அகலமும் 22 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட வெளிர்நிறப் பருத்தித் துணி அடித்துணியாகும். அதன்மேல் வரும் பைக்கு 17 சென்ரிமீற்றர் அகலமும் 24 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துண்டை எடுத்து, குறுக்கே சரிபாதியாக மடித்து மினுக்க வேண்டும். மடிப்பு மேலே, வெட்டிய விளிம்புகள் கீழே. அம்மடிப்பே பையின் வாய். துணியை வெட்டிய இடத்தில் நூல் பிரியும். மடித்த இடத்தில் பிரியாது. ஆகவே பையின் வாயை ஓரமடித்துத் தைக்கும் வேலையே இல்லை. அன்றியும், மெல்லிய சேலைத்துணிகூட இரட்டையாவதால் வலுப்பெறுகிறது. இவ்வாறு மடித்த துண்டை அடித்துணியின் கீழ்ப்பகுதியில் விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஆறு கட்டங்களை ஒரு வரிசையாகவும், பின்னர் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகவும் ஒரு சென்ரிமீற்றர் விளிம்பு விட்டு இணைத்தோம். பையின் மூன்று பக்கங்களும் அவ்விணைப்புத் தையலுக்குள்ளேயே அகப்பட்டுவிடுகின்றன. தைத்து முடிந்தபின் ஒரு கட்டம் 15க்கு 20. அதில் பையின் உயரம் 11. எஞ்சிய வெளியில் கருஞ்சிவப்புத் துணியில் வெட்டிய எழுத்து அமர்ந்தது. எழுத்துக்களை வெட்டியவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள். 'ஞ்' வெட்டிய மாணவி அதனை மூன்று முறை வெட்டினாள். இனி வாழ்நாளில் அவ்வெழுத்தை அவள் மறக்கமாட்டாள் என்பது திண்ணம்.

பின்னர் உட்துணியை விரித்து, அதன்மேற் பஞ்சு விரிப்பையும் அதன்மேல் நாம் இணைத்த முகத்துணியையும் சுருக்கமின்றிப் பரப்பி, ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் ஊக்குகளைக் குத்தினோம். உட்துணியும் பஞ்சும் நாற்புறமும் சற்று நீண்டிருத்தல் வேண்டும். தைக்கத் தைக்க அவை உள்ளே இழுபடும். தையலை நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் செல்லுதல் முறை. ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து திரளும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பைகளின் குறுக்கே தைத்தால் அவற்றின் வாய் அடைபட்டுவிடும். ஆதலால் கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையிலுள்ள இணைப்புக் கோட்டின் பள்ளத்திலேயே தையல் ஓட வேண்டும். பஞ்சு எதற்கு என்று ஒரு தந்தையார் கேட்டார். வெறுந்துணியானால் பைகளின் பாரத்தால் தொய்ந்துவிடும், சுருட்டினால் கசங்கும். உள்ளே பஞ்சு இருப்பதால் பாரத்தையும் தாங்குகிறது. வாரந்தோறும் சுருட்டினாலும் முகம் கெடாமல் விரிகிறது. இறுதியாக நாற்புறமும் கரைபிடித்து, பின்புறத்தில் மேலே ஒரு நீண்ட உறை தைத்து, அதற்குள் ஒரு மரக்கோலைச் செருகினோம். கோலின் இரு முனைகளிலும் கயிறு கட்டிப் பலகையின் மேலுள்ள கொளுக்கிகளில் மாட்டுகிறோம். ஆணி தேவையில்லை. அகலம் ஒரு மீற்றர், உயரம் ஒரு மீற்றர் முப்பது. ஒன்பது சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது.

ஆனால் தைப்பதைக் காட்டிலும் துணி சேர்ப்பதே அரிதாயிற்று. முப்பது பைகளும் முப்பது வீடுகளின் துணியால் அமைய வேண்டும் என்பது நம் விருப்பம். 'வீட்டில் உங்களுக்குப் பெறுமதியான பழைய துணியில் ஒரு துண்டு வெட்டித் தாருங்கள்' என்று பெற்றோர்க்குக் கடிதம் அனுப்பினோம். முதல் வாரம் நான்கு துண்டுகளே வந்தன. இரண்டாம் வாரம் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வாரம், வகுப்பு முடிந்து எல்லாரும் சென்றபின், ஒரு தாயார் என்னிடம் வந்து தாழ்ந்த குரலிற் சொன்னார்:

"மாஸ்டர், துணி தாறன். வெட்டச் சொல்லி மட்டும் கேளாதேங்கோ. ஒருக்கா வெட்டினது காணும்."

அவர் எதனைக் குறித்தார் என்பது எனக்கு விளங்கிற்று. பெற்றோர் பலருக்கும் விளங்கும். மாணவச் செல்வங்களுக்காக இங்கு எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளனுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்குமாக மக்கள் நகர்ந்துகொண்டிருந்தபோது, எறிகணைகளிலிருந்து தப்புவதற்குப் பதுங்கு குழிகளே கதியாக இருந்தன. கடற்கரை மணலில் வெட்டும் குழி சரியும். மண்மூடை அடுக்காமல் அது நிற்காது. சாக்குகள் தீர்ந்தன. அப்போது பெண்கள் தம் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். உடுத்த சேலை, எடுத்துவைத்த சேலை, கூறைச் சேலை எல்லாம் பைகளாயின. நாங்கள் மணலை அள்ளி நிரப்பினோம். பட்டும் பருத்தியுமாகப் பல வண்ணங்களில் அக்குழிகள் நின்ற காட்சியை நேரிற் கண்டவர்கள் நம் பள்ளிப் பெற்றோரிற் பலர் உளர். உங்களை அச்சுறுத்துவதற்காக நான் இதனைச் சொல்லவில்லை. உங்கள் தாய்மார் துணியை வெட்டத் தயங்குவார்களாயின், அத்தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அத்தாயார் அடுத்த வாரம் கொண்டுவந்தது ஒரு கைலேஞ்சி. அவருடைய மூத்த மகனுடையது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் அவன் எங்கே என்பது தெரியாது. நான் அதனைச் சமூக நிலையத்துப் பெண்மணியிடம் கொண்டுசென்று, வெட்டாமற் பையாக்க வழியுண்டா என்று கேட்டேன். காரணத்தை என் அரைகுறை ஆங்கிலத்திற் கூறினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. லேஞ்சியை மேசையில் விரித்தார். நாற்பது சென்ரிமீற்றர்ச் சதுரம். இரு பக்கங்களையும் பதின்மூன்று சென்ரிமீற்றர் உட்புறமாக மடித்தார், அகலம் பதினான்காயிற்று. மேலிருந்து கீழாகப் பாதியாக மடித்தார். பின்னர் மேல்மடிப்பை ஒன்பது சென்ரிமீற்றர் முன்புறமாகத் திருப்பினார், உயரம் பதினொன்றாயிற்று. பைக்கு வேண்டிய அளவு அதுவே. கணிதம் படித்த எனக்கு அவ்வளவு எளிய கணக்கு அதுவரை தோன்றவில்லை. பக்கங்களையும் அடியையும் கண்ணுக்குத் தெரியாத சிறு தையல்களாற் கையால் இணைக்கலாம் என்று காட்டினார். விரும்பிய நாளில் அந்நூலைப் பிரித்தால் லேஞ்சி முன்பிருந்தபடியே, ஒரு நூலும் குறையாமல், அவர் கைக்குத் திரும்பிவிடும்.

அந்தப் பையைத் தாயாரே தைத்தார். மகனின் பெயரின் முதலெழுத்தில் உள்ள மெய்க்கு அதனை வைக்கும்படி கேட்டார், வைத்தோம். எந்த எழுத்து என்பதை இங்கு எழுதவில்லை. அது அவருடைய விருப்பம்.

'வெட்டாமலும் தரலாம், மடித்துத் தைப்போம்' என்று இரண்டாவது கடிதம் சென்றது. அதன்பின் துணிகள் வந்தன. குழந்தையைப் போர்த்திய துண்டு, பள்ளிச் சீருடைச் சட்டை, பாட்டனாரின் சால்வை, கண்டியில் வாங்கிய கைத்தறி, சிட்னியிற் பிறந்த பிள்ளையின் முதற் சட்டை எனப் பலவும் வந்தன. வெட்டியவை பதினெட்டு, வெட்டாமல் மடித்தவை பன்னிரண்டு. முன்னவை தட்டையாகவும் பின்னவை சற்றுத் தடித்தும் இருக்கின்றன. தடிப்பு ஒத்திருந்தால் துணி இன்னும் அழகாகத் தொங்கும் என்பது உண்மை. ஆனால் நாம் அதனை ஒழுங்குபடுத்த முயலவில்லை.

இப்பைகளுக்குள் எழுத்து மட்டைகளோடு வேறு பொருட்களும் சேரத் தொடங்கின. அந்தந்த எழுத்துக்கு உரிய பொருளொன்றைக் கொண்டுவருமாறு கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் கூறினோம். உயிரெழுத்துக்கு அது எளிது. 'இ' பையில் ஒரு காய்ந்த இலை வந்தது. 'ஊ' பையில் ஊதுகுழல் வந்தது. அதன் ஒலியைப் பல வாரங்கள் பொறுத்துக்கொண்டோம். ஆனால் மெய்யெழுத்துத் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே சொல்லின் நடுவிலும் இறுதியிலும் அதனைத் தேட வேண்டியிருந்தது. 'ங்' பையில் ஒரு சிறிய சங்கு வந்து அமர்ந்தது. 'ஞ்' பைக்கு ஒரு சிறுவன் நாம் தைத்து எஞ்சிய பஞ்சையே கொண்டுவந்தான். இலக்கண நூலில் ஒரு வரியாக இருந்த விதியை அவர்கள் வீடு முழுவதும் தேடித் தாமே கண்டுபிடித்தார்கள்.

'ண்' பைக்கு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிறு புட்டியில் மண் கொண்டுவந்தாள். அவளை அழைத்துச் செல்ல வந்திருந்த அவளுடைய அப்பப்பா அதனைக் கண்டு, "மண் எண்டால் ஊர் மண்ணல்லோ, பிள்ளை?" என்றார். ஊர் மண்ணை உரிய அனுமதியின்றி இந்நாட்டிற்குள் கொண்டுவர முடியாது என்பது அவருக்கும் தெரியும். சிறுமி சிறிதும் தயங்கவில்லை. "இது என்ரை பள்ளிக்கூடத்து மண், அப்பப்பா. நான் ஒவ்வொரு நாளும் விளையாடுற மண்" என்றாள். அவள் அதனைத் தமிழிற் சொன்னாள். 'ண்' எழுத்தைச் சரியாக ஒலித்தாள். முதியவர் சிறிது நேரம் புட்டியைக் கையில் வைத்திருந்தார். பின்னர் மூடியை இறுக்கி, அதனைத் தாமே பைக்குள் இட்டார்.

அன்று நானும் அத்துணியின்முன் சிறிது நேரம் நின்றேன். மண் நிரப்பிய துணிப்பைகளை நான் முன்னர்க் கண்டது உயிரைக் காத்துக்கொள்வதற்காக. இங்கே ஒரு பிள்ளை தான் விளையாடும் மண்ணில் ஒரு பிடியை எழுத்துக்குத் துணையாக வைத்திருக்கிறாள். இரண்டையும் ஒன்றென்று நான் கூறமாட்டேன். முன்னதை நாம் மறக்கலாகாது. பின்னதை அவளிடமிருந்து பறித்தலும் ஆகாது. ஊரைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் தமிழ் என்பது ஊரின் பொருளை மட்டும் குறிக்கும் மொழி என்று அவர்கள் எண்ணிவிட்டால், தாம் வாழும் வாழ்வைச் சொல்ல வேறு மொழியைத் தேடிப் போய்விடுவார்கள். இந்த நிலத்து மண்ணுக்கும் மண் என்றே பெயர். அதனை அப்பெயரால் அழைக்கும் பிள்ளை இருக்கும் வரையில் நம் மொழிக்கு இங்கே இடமுண்டு.

பெற்றோர்களே, விழா மண்டபத்தில் இத்துணியைக் காணும்போது எட்ட நின்று பார்த்துச் செல்லாதீர்கள். இது காட்சிப் பொருளன்று. பைக்குள் கைவிட்டு எடுங்கள்; பிள்ளையோடு சேர்ந்து ஒரு சொல்லை ஆக்குங்கள்; மீண்டும் உரிய பையில் வையுங்கள். வாரந்தோறும் முப்பது நாற்பது சிறு கைகள் புகுந்து வரும் துணி பழுதாகாமல் இராது. ஏற்கெனவே 'ப்' பையின் ஒரு மூலை விட்டுப்போய், மீண்டும் தைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால், உச்சியில் உள்ள ஆய்தப் பையில் மட்டைகளோடு ஒரு சிறிய தகரப்பெட்டியும் வைத்திருக்கிறோம். அதற்குள் இரண்டு ஊசிகளும் ஒரு நூற்கட்டையும் உள்ளன. கிழிசலை யார் முதலிற் காண்கிறாரோ, அவரே தைக்கலாம்; ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.